எங்கே என்ற கட்டம்

மணி, பண்டம், அளவு, எங்கே,
அதற்குமுன் மனதில் என்ன ஓடியது:
ஐந்து கட்டம் போட்ட தாள்
செல்போனில் வருகிறது.
வடாலா லாரி நிலையத்தில்
இருபத்தோரு வருஷமாகப் பேரேடு எழுதுகிறவன்;
கட்டங்களுக்குப் பயந்தவனில்லை.
'எங்கே' வரும்போது மட்டும்
விரல் நின்றுவிடுகிறது.

ஓர் அறை, ஒரு சமையலறை.
சயான் கோலிவாடாவில்
நாலு பேருக்கு அவ்வளவுதான் வீடு.
இதில் ஒருவன் ஒளிந்து தின்பதென்றால்
அதற்கொரு சாமர்த்தியம் வேண்டும்.
மொட்டைமாடியில்
தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே
ஓர் ஆள் குந்தும் சந்து.
அங்கேதான்
எட்டு பாவ், கால் கிலோ ஃபர்சாண்,
பையன் பிறந்தநாளுக்கு வாங்கி
வீடு வந்து சேராத கேக்.
மூன்றாவது பாவுக்குமேல் ருசி கிடையாது.
கை கூலியாள், வாய் கிடங்கு.
காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்து
இறங்கி வந்து
செவந்தி போட்ட சோற்றையும் தின்பேன்.
நல்லா சாப்பிடற ஆம்பளை என்பாள்
எதிர்வீட்டுக்காரியிடம், பெருமையாக.

இப்போது வியாழன் இரவு ஒன்பதரைக்கு
அதே சந்தில்
குடையோடு உட்கார்ந்து
நீரஜாவிடம் பேசுகிறேன்.
வேறெங்கும் இடமில்லை.
நாசிக்கில் ஏதோ ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் அவள்.
மழைக்குப் படம் உறைந்தால்
கேள்வி அவள் வாயில் பாதியில் நிற்கும்.
தப்பித்தேன் என்றிருக்கும் எனக்கு.

முதல் வாரம் கேட்டாள்,
திருமேனி என்றால் என்ன அர்த்தம்?
ஷரீர் என்றேன்.
பகவானுடைய ஷரீர்.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

குறைத்துத் தின்னச் சொல்வாள் என்று நினைத்தேன்.
தின்னச் சொன்னாள்.
மூன்று வேளை, நடுவில் இரண்டு சிறுதீனி,
நாலு மணி நேரத்துக்குமேல் வயிற்றைக் காயப்போடக்கூடாது.
ஞாயிற்றுக்கிழமைக் கடனை
திங்கட்கிழமைப் பட்டினியில் அடைக்கிறவனுக்கு
இது ஏதோ மோசடி போலிருந்தது.
நம்பவில்லை.
நம்பாமலே பதினோரு மணிக்கு ஒரு வாழைப்பழம்,
மேசைமேல் வைத்து,
டிரைவர்கள் பார்க்க.

நாலாம் வாரம் சறுக்கியது.
ஒரு வடாபாவ் உள்ளே போனதும்
போச்சு என்றது மனசு.
அப்புறம் ஒன்பது.
நீரஜா கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் அது.
அந்த போச்சுவைக் கணக்கராகப் பாருங்கள் என்றாள்.
பார்த்தேன்.
ஒரு நோட்டு கிழிந்ததற்கு
கல்லாவையே கொளுத்துவானா ஒருத்தன்?
கொளுத்தியிருக்கிறேன்,
வாரம் மூன்று தடவை.

ஐந்தாவது கட்டத்துக்கு
வார்த்தைகளை அவர்களே தருகிறார்கள்.
சோகம், கோபம், சலிப்பு, பதற்றம்.
கடைசியில் 'மற்றவை'.
நான் எப்போதும் மற்றவை.
எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை
நாங்கள் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம்.
மார்ச் மாதம் ஆடிட்டர் வந்து
விரலை அதன்மேல் வைப்பான்:
இது யார் பணம்?

போன வியாழன்
மறந்த துணியை எடுக்க மேலே வந்த செவந்தி
தொட்டிக்குப் பின்னால் பெண்குரல் கேட்டு நின்றாள்.
"யாரு அவ?"
இத்தனை வருஷம் நான் பயந்திருந்தது
வேறு கேள்விக்கு.
சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியில் என்னவோ ஆயிற்று.
போனை அவள் பக்கம் திருப்பினேன்,
குடையையும்.
ரெண்டு பேர் குந்த அங்கே இடமில்லை.
நின்றுகொண்டே கேட்டாள் அவள்,
நனைந்த துணியோடு,
முக்கால் மணி நேரம்.
அவளுக்கு இந்தி பாதிதான் புரியும்.

நேற்று.
இரவு பதினொன்று நாற்பது.
பாவ். நாலு.
எங்கே: சமையலறை.
விளக்கு போட்டிருந்தது,
அவள் விழித்திருந்தாள்.
இதற்கெல்லாம் தாளில் கட்டமில்லை.
ஐந்தாவதை
இன்னும் நிரப்பவில்லை.